மேப்பில் ஒட்டாத பேர்

அந்தப் பையைக் கீழே வைக்காதே பாப்பா. கம்ப்யூட்டர்தானே அதில்? முன் சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார், மூடுகிறார், திறக்கிறார். ஒரு தடவைகூடச் சரியாக மூடவில்லை. நான் ஏறியதிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு வருகிறேன். மடியில் வைத்துக்கொள். என் மகளும் பஸ் ஏறினால் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில்தான் வைத்துக்கொள்வாள். மதிவதனி என்று பேர். நாங்கள் வதனி என்போம். உன் வயதுதான் இருக்கும்.

நீ எங்கே இறங்குகிறாய்? கலெக்டர் ஆபீஸ் தாண்டியா? நல்லதாய்ப் போயிற்று. இடம் வந்ததும் எனக்குச் சொல். எனக்கு இந்த டவுனில் ஆஸ்பத்திரி வாசல் ஒன்றுதான் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும், மற்றதெல்லாம் குழப்பம். இன்றைக்குத் திங்கட்கிழமை இல்லையா, மனு வாங்குகிற நாள். இதோ இந்தக் கவருக்குள் இருக்கிறது. மழை வரும் போல இருக்கிறதே, நனைந்தால் ஊறிப்போகும். எங்கள் தெரு தேவராசு அண்ணன் எழுதிக் கொடுத்தார். பஞ்சாயத்து ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர். மைப் பேனாவில்தான் எழுதுவேன் என்பார். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

யார் மேல் மனுவா?

மேப் மேல். மேப் மேல் என்றால், அந்த மேப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவள் மேல். என் மகள் மேல்தான்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? பெற்ற பிள்ளை மேலேயே மனு கொடுக்கப் போகிறாளே, இவள் எப்படிப்பட்டவள் என்றுதானே? முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் பார்.

எங்களுக்கு எழில் நகர். கொன்றைமேட்டுக்குப் பக்கத்தில். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் நாங்கள். முன்னே எங்கள் இடத்துக்குப் பேர் கொன்றைமேடு காலனி. சொன்னால் உனக்கே புரியும். பஸ்ஸில் கண்டக்டர், "காலனியெல்லாம் இறங்கு" என்பார். ஆள் இறங்குவதில்லை பார், காலனி இறங்குகிறது. பள்ளிக்கூடத்தில் பேரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், ஊரைச் சொன்னதும் உட்காருகிற இடம் மாறும். நான் அஞ்சாவதோடு நின்றேன் என்றால் சும்மா நின்றேன் என்றா நினைக்கிறாய்?

என் வீட்டுக்காரர் தனகோட்டி. பெயிண்டர். வீட்டுக்குச் சுண்ணாம்பு, ஜன்னலுக்குப் பெயிண்ட், கடைக்குப் பேர் எழுதுவது, எல்லாம் செய்வார். வதனி வயிற்றில் இருக்கும்போது எங்கள் ஆட்கள் எல்லோரும் கூடிப் பேசி, இனி இந்தப் பேர் வேண்டாம், எழில் நகர் என்று வைப்போம் என்று முடிவு செய்தார்கள். இவர்தான் பலகை எழுதினார். நான் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீல எழுத்து, மஞ்சள் பலகை. பஸ் ஸ்டாப்பில் நட்டோம். விடிந்து பார்த்தால் அதன் மேல் தார். இவர் சுரண்டிவிட்டு மறுபடி எழுதினார். மறுபடி தார். மூன்றாம் தடவை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆள் வந்து அடித்தார்கள். வலது தோளில் அடி. அதற்கப்புறம் அந்தக் கை காதுக்கு மேல் தூக்க வராது. ஏணியில் ஏறினால் இடது கையால்தான் அடிப்பார். ஆனால் பலகை நின்றது பாப்பா. கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டக்டரும் "எழில் நகர்" என்றார். கல்யாணப் பத்திரிகையில் எழில் நகர். வதனியின் பள்ளிக்கூடச் சான்றிதழில் எழில் நகர். ஒரு பேருக்காக ஒரு கையைக் கொடுத்த மனிதர், அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேள்.

வதனி படித்தாள். நன்றாகவே படித்தாள். ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. எங்கள் பக்கம் சிறுநீரகக் கோளாறு அதிகம். தண்ணீரோ, வெயிலில் வேலையோ, மருந்தோ, ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். என் வீட்டுக்காரருக்கும் வந்தது. வாரத்துக்கு ரெண்டு தடவை இதே பஸ்ஸில்தான் டவுன் ஆஸ்பத்திரிக்கு வருவோம். மாறி இன்னொரு பஸ். மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணி அனுப்புவார்கள். போகும்போது நடந்து ஏறுகிற மனிதர், திரும்பும்போது துணி மாதிரி என் மேல் சாய்ந்துகொண்டு வருவார். உட்கார இடம் கிடைக்காத நாளெல்லாம் நான் சண்டை போட்டுத்தான் இடம் வாங்குவேன். எனக்கு வாய் என்று பேர் வந்ததே இந்த பஸ்ஸில்தான்.

அப்போதுதான் புதிதாக ஒரு மெஷின் வருகிறது, எங்கள் பக்கம் ஏதாவது ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வைக்கப் போகிறார்கள் என்றாள் வதனி. எங்கே நோயாளிகள் அதிகமோ அங்கே. அதற்காகத்தான் ஊர் ஊராகக் கணக்கு எடுத்தார்கள். கொன்றைமேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால் நாங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறார்களே, எங்களுக்குத்தான் வரும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. என் வீட்டுக்காரர், "நடந்து போய்ட்டு நடந்தே வந்துடலாம் காசி, சாயங்காலம் டீக்கடைக்குக்கூடப் போகலாம்" என்றார். காசி என்றால் நான்தான். காசியம்மா.

அந்தக் கணக்கை எல்லாம் எக்செல்லில் சரிபண்ணி அனுப்புகிற வேலை வதனிக்கு. அதை வைத்து வேறு ஓர் இடத்தில் மேப் போடுவார்கள். சும்மா தொங்குகிற மேப் இல்லை. கம்ப்யூட்டரில், போனில் தெரிகிற மேப். ஓர் ஊரைத் தொட்டால் பெட்டி திறந்து எத்தனை பேர் என்று காட்டும். நோயாளிகள் அதிகமாக இருக்கிற ஊர் கருஞ்சிவப்பு, குறைய இருந்தால் வெளிர் ரோஸ். உனக்குத் தெரியாததா, நீயும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிகிறவள்தானே.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பேன். எனக்கு மனசு பொறுக்காது. கணக்கு எடுத்த பிள்ளைகள் அழகாக "நாலு பேர்", "பத்து பேர்" என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். இவள் உட்கார்ந்து அந்தப் "பேர்" எல்லாவற்றையும் அழிப்பாள்.

"ஏண்டி, மனுசங்கதானே? பேர்னு இருந்தாத்தானே மரியாதை?"

"அம்மா, எழுத்து இருந்தா அது நம்பர்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

கடைசியில் கூட்டுத்தொகை போடமாட்டாள். கூட்டுத்தொகையையும் ஓர் ஊர் என்று அது நினைத்துக்கொள்ளுமாம். வரிசைக்கு வரிசை ஒரே வட்டாரத்தின் பேரைத் திரும்பத் திரும்ப அடிப்பாள். ஒரு தடவை பெரிதாகப் போட்டுக் கீழே காலியாக விட்டால் எத்தனை லட்சணமாக இருக்கும்! சொன்னால், "அம்மா, காலியா விட்டா தகவல் இல்லைன்னு வெள்ளையாக் காட்டும். யாருக்கும் நோய் இல்லைன்னா சைபர் போடணும். சைபர் வேற, வெறுங்கட்டம் வேற" என்பாள். ஆளில்லாத வீடும் சோறில்லாத வீடும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவள் சொல்கிற தோரணை இருக்கிறதே.

ஒரு நாள் எங்கள் இடம் வந்தது. அவள் அடித்ததை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். கொன்றைமேடு காலனி.

கையில் இருந்த கீரையைக் கீழே போட்டுவிட்டேன்.

"என்னடி இது?"

"மேப்புக்குள்ள அந்தப் பேர்தாம்மா இருக்கு. அது பழைய மேப். நாம எழுதுற பேரும் அதுல இருக்கிற பேரும் ஒண்ணா இருந்தாத்தான் கணக்கு போய் ஒட்டும். இல்லன்னா நம்ம எடம் வெள்ளையா நிக்கும்."

"அப்ப மேப்பை மாத்தச் சொல்லு."

"கேட்டேம்மா. அது மேல இருந்து வர்றதாம். இப்ப மாத்த முடியாதாம், மெஷின் எங்கன்னு முடிவு பண்ற கூட்டத்துக்குள்ள ஆகாதாம்."

"உங்கப்பா கையைப் பார்த்திருக்கியாடி நீ?"

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக வருகிறாள், அம்மாவை ஏமாற்ற. "அம்மா, ஒண்ணு பண்றேன். உள்ள ஒட்டுறதுக்கு ஒரு பேர், வெளிய காட்டுறதுக்கு ஒரு பேர்னு ரெண்டு வரிசை வச்சுக்கிறேன். ஆபீஸ் மேடத்துக்கிட்ட கேட்டுப் பார்க்கிறேன்" என்றாள். எனக்கு வந்ததே கோபம். உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைத்துக்கொள்ள நாங்கள் என்ன திருட்டுக் குடும்பமா? உள்ளே காலனிதான், வெளியேதான் எழில் நகர் என்றால் ஊர்க்காரர்கள் இத்தனை நாளாகச் சொன்னதும் அதுதானே!

என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருந்தார். "காசி, விடு. எந்தப் பேரைப் போட்டா என்ன, மெஷின் வந்தாச் சரி. போடு கண்ணு நீ" என்றார். அவர் அப்படிச் சொல்லுவாரா பாப்பா? உடம்பு முடியாத மனிதர் பேசுகிற பேச்சு அது. காலில் வீக்கம், வாயில் கசப்பு, அந்த நேரத்தில் சொன்னதை எல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியுமா? "நீங்க சும்மா படுங்க, உங்களுக்காகத்தான் நான் பேசிக்கிட்டிருக்கேன்" என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும், தனக்காகப் பேச ஓர் ஆள் இருக்கிறதே என்று.

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. வதனி தட்டில் சோறு போட்டு எடுத்து வந்து என் முன்னால் வைத்துக்கொண்டு அழுதாள். "சத்தியம் பண்ணு, அப்புறம் சாப்பிடறேன்" என்றேன். அவள் கையைப் பிடித்து அவள் அப்பா தலையில் வைத்தேன். "அப்பா தலை மேல சத்தியமா அந்தப் பேரை எங்கயும் போட மாட்டேன்னு சொல்லு. உள்ளயும் போட மாட்டேன், வெளியவும் போட மாட்டேன்." சொன்னாள். சொல்லிவிட்டு அவள் கையை எடுக்கவே இல்லை, அப்படியே அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட்டேன்.

குறை சொல்லக் கூடாது, சத்தியத்தைக் காப்பாற்றினாள். எழில் நகர் என்றுதான் அடித்து அனுப்பினாள்.

கூட்டம் கலெக்டர் ஆபீஸில் நடந்தது. பெரிய ஸ்கிரீன் போட்டு, இவளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தார்களாம். மேப் வந்ததாம். வடகரை பக்கம் சிவப்பு. கொன்றைமேட்டு ஊர் வெளிர் ரோஸ், அங்கே ஆள் குறைவு. எங்கள் இடம், துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளை. ஓர் அதிகாரி கேட்டாராம், "இது ஏன் வெள்ளையா இருக்கு?" என்று. பக்கத்தில் இருந்தவர் இவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அங்க கேஸ் இல்லை சார்" என்றாராம். கேஸ் இல்லை! என் வீட்டில் ஒன்று, எதிர் வீட்டில் ரெண்டு, மூலை வீட்டில் அப்பனும் மகனும். இவள் எழுந்து, "சார், அது கேஸ் இல்லாத இடம் இல்ல, பேர் ஒட்டலை சார்" என்றாளாம். "அப்ப சரிபண்ணி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்களாம்.

மெஷின் வடகரைக்குப் போயிற்று.

வடகரை எங்களுக்கு டவுனைவிடத் தூரம். அதனால் பழையபடி ரெண்டு பஸ். மழைக்காலம் வந்தது. ஒரு நாள் பஸ்ஸை விட்டுவிட்டோம். இன்னொரு நாள் அவர், "இன்னிக்கு வேணாம் காசி, உட்கார முடியல, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார். நான் கத்தினேன், அழுதேன், அவர் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற கஷ்டம் அவருக்குத்தானே தெரியும். அப்படி ஒன்று ரெண்டு தடவை தட்டிப் போனதும் உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்டது. மூச்சு வாங்கியது. ஆட்டோ பிடித்தோம். இந்த ரோட்டில்தான், அந்தப் பெட்ரோல் பங்க் தாண்டி, அவர் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டுப் போர்வையை முகம் வரை இழுத்து மூடினார்.

அந்தப் பங்க் வரும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே.

கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தோம். எழில் நகர் தனகோட்டி என்று பெரிதாகப் போடச் சொன்னேன். போட்டார்கள். ஜோராக இருந்தது.

வதனி அழவே இல்லை பாப்பா. வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள், நாற்காலி எடுத்துப் போட்டாள். காரியம் முடிந்ததும் டவுனில் ஹாஸ்டலில் இருந்துகொள்கிறேன் என்று போய்விட்டாள். தினம் போன் பண்ணுவாள். "சாப்பிட்டியா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். வைத்துவிடுவாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டுப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லம்மா, சாப்பிட்டியா?" என்கிறாள். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா இது? நான் அவளிடம் கேட்கவில்லையா, "மேப்பு வெள்ளையா நிக்கும்னு தெரிஞ்சவ நீ, எனக்கு உறைக்கிற மாதிரி எடுத்துச் சொல்லியிருக்க வேணாமா? நான் படிச்சவளா?" என்று. அதற்கும் அதே "சாப்பிட்டியா?"தான். படிப்பு வந்தால் அழுத்தமும் கூடவே வந்துவிடுகிறது.

சரி, அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். இப்போது செய்திருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

போன வாரம் தேவராசு அண்ணன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "காசியம்மா, புது மேப் வந்திருக்கு. நம்ம எடம் செக்கச் செவேல்னு இருக்கு. இங்கயும் மெஷின் வைக்கப் போறாங்களாம், உன் மகதான் மறுபடி சரிபண்ணிக் குடுத்திருக்கா" என்றார். தெருவே சந்தோஷப்பட்டது. மூலை வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் புருஷன் போய்விட்டான், மகனாவது நிற்பான் என்று. எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம் தேவராசு அண்ணன் தொட்டுக் காட்டினார். பெட்டி திறந்தது. மேலே பெரிய எழுத்தில் இருப்பதைப் படித்தார். கொன்றைமேடு காலனி.

படித்துவிட்டு அவரே போனைத் தாழ்த்திவிட்டார். "அட, பழைய பேரையில்ல போட்டிருக்கா" என்றார்.

அவர் போனிலேயே வதனிக்கு அடிக்கச் சொன்னேன்.

"ஏண்டி, அப்பா தலையில கை வச்சு சத்தியம் பண்ணியேடி!"

அதற்குச் சொல்கிறாள், "இப்பத்தான் அந்தத் தலை இல்லையேம்மா" என்று.

என்ன சொல் பார். பெற்ற தாயிடம் சொல்கிற சொல்லா? அதற்கு மேலும் என்னவோ சொல்ல வந்தாள், "அம்மா, முழுசாத் தொட்டுப் பாரும்மா, முழுசா..." என்று. முழுசாகத் தொட்டால் என்ன, அரைகுறையாகத் தொட்டால் என்ன? நான் போனை வைக்கச் சொல்லிவிட்டேன். அன்றையிலிருந்து அவள் அடித்தாலும் எடுப்பதில்லை. சாப்பிட்டேனா இல்லையா என்று தெரியாமல் கிடக்கட்டும்.

அதனால்தான் மனு. அவள் வேலை பார்க்கிற இடத்தின் பேர், அவள் பேர், எல்லாம் போட்டு எழுதச் சொன்னேன். தேவராசு அண்ணன்கூடத் தயங்கினார். "காசியம்மா, பேர் போட்டுக் குடுத்தா விசாரணைன்னு வருவாங்க, பிள்ளை வேலைக்கே உலை வச்ச மாதிரி ஆயிடும்" என்றார். போகட்டும். அப்பா பேரை அழித்துவிட்டுச் சம்பாதிக்கிற சம்பாத்தியம் எதற்கு? எழுதுங்கள் என்றேன்.

உனக்கும் அந்த மேப் தெரியுமா? உன் போனில் வருமா? காட்டேன். கலெக்டர் ஆபீஸில் கேட்டால் நானே தொட்டுக் காட்டத் தெரிய வேண்டும் இல்லையா? தேவராசு அண்ணன் தன் போனை யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

அப்பா, இவ்வளவு ஊரா? எல்லாம் நம் மாவட்டமா? இவ்வளவு சிவப்பா? கொன்றைமேடு என்று தேடு. அங்கேதான். அதோ, ரோட்டுக்கு இந்தப் பக்கம். கருஞ்சிவப்பு. அதுதான் நாங்கள். இத்தனூண்டு இருக்கிறது, ஓர் இலை மாதிரி.

தொடட்டுமா? என் விரல் சொரசொரப்பு, உன் போனுக்கு ஒன்றும் ஆகாதே?

திறந்துவிட்டது பார். மேலே இருக்கிறதே, படி. கொன்றைமேடு காலனி. பார்த்தாயா? நான் பொய் சொல்கிறேனா?

என்ன? இன்னும் கீழே இருக்கிறதா? எங்கே? தள்ளினால் வருமா? தள்ளு.

இரு. இரு பாப்பா, நீ படிக்காதே. இந்த மூன்று எழுத்தும் எனக்குத் தெரியும். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை பார்த்த எழுத்து. எ... ழி... ல். எழில். அதற்கு முன்னால் என்ன போட்டிருக்கிறது? அதை நீ படி.

"மக்கள் வழங்கும் பெயர்."

மக்கள் வழங்கும் பெயர், எழில் நகர்.

மற்ற ஊருக்கெல்லாம் இப்படி இருக்கிறதா? வேறு ஒன்றைத் தொடு. இல்லையா? இன்னொன்று? அதிலும் இல்லையா? எங்களுக்கு மட்டும்தான் போட்டிருக்கிறாளா? இவளாகத் தனியாக ஒரு வரிசை வைத்திருக்கிறாள். எங்களுக்கு மட்டும்.

நான் அழவில்லை. ஜன்னல் திறந்திருக்கிறதே, தூசி.

பார் இந்தப் பெண்ணை. ஒட்டுகிறதற்கு ஒரு பேர், காட்டுகிறதற்கு ஒரு பேர். முதலிலேயே இப்படி ரெண்டையும் போட்டிருந்தால் என்ன? அந்த மனிதர் இன்றைக்கு நடந்து போய்ட்டு நடந்து வந்திருப்பாரே, சாயங்காலம் டீக்கடைக்குப் போயிருப்பாரே. நான் என்ன வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? சொல்ல வேண்டிய நேரத்தில் பிள்ளைகள் சொல்வதே இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் அவர்களுக்கு மூளை வருகிறது.

எழுத்தும் சின்னதாக இருக்கிறது. தள்ளித் தள்ளி யார் பார்ப்பார்கள்? மேலே பெரிதாகப் போட்டிருக்க வேண்டாமா?

அதற்குக் கீழே நம்பர் இருக்கிறதே, அது எங்கள் தெருவில் இருக்கிற நோயாளிகள்தானே. அதில் அவர் இருக்கிறாரா? உனக்கு எப்படித் தெரியும், பாவம். புதுக் கணக்கு என்றால் இருக்க மாட்டார். முன்னே எடுத்தாளே, வெள்ளையாய் நின்றதே, அந்தக் கணக்கில் இருந்தார். அதில்தான் இருந்தார்.

பாப்பா, உன்னிடம் பேனா இருக்கிறதா? தடியாக எழுதுகிற பேனா. இந்தக் கவரைப் பிரி, கிழிந்துவிடாமல். மனு கொடுக்காமல் விட மாட்டேன், கொடுக்கத்தான் போகிறேன். மேப்பில் எழில் நகரை மேலே தூக்கிப் போட வேண்டும் என்று கேட்கத்தான் போகிறேன், பழைய பேரை யாரும் எங்கும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இந்த நடுவில் அவள் பேர் இருக்கிறது பார். அவள் ஆபீஸ் பேரும் இருக்கும். எங்கே இருக்கிறது காட்டு. அந்த ரெண்டை மட்டும் அடித்துவிடு.

இன்னும் அடி. உள்ளே தெரிகிறது. வெயிலில் தூக்கிப் பிடித்தால்கூட யாருக்கும் தெரியக் கூடாது.

போதும். மடித்துக் கொடு. இறங்குகிற இடம் வர இன்னும் நேரம் இருக்கிறது இல்லையா? அப்போ அந்தப் போனைக் கொடு. இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கிறேன். அப்படியே அவளுக்கு ஒரு போன் போட்டுக் கொடுக்கிறாயா? என் போனில் காசு இருக்கிறது, ஆனால் என் நம்பரைப் பார்த்தால் எடுப்பாளோ என்னவோ. வேறொன்றும் பேச மாட்டேன். சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்கிறேன்.